இலங்கையின் இலத்திரனியல் விசா: கட்டணத்தை நீக்கினால் பயணிகள் பெருகுவார்களா?

பனங்கூடல்:

40 நாடுகளின் குடிமக்களுக்குச் சுற்றுலா விசாக் கட்டணத்தை நீக்கும் முடிவை 2025 ஜூலையில் வெளியிட்ட வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சர் விஜித ஹேரத், அதனால் அரசுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி 60 இலட்சம் அமெரிக்க டொலர் வருமானம் குறையும் என்பதையும் சேர்த்தே சொன்னார். வருகின்ற பயணிகளின் பெருக்கம் அந்தக் குறைவை ஈடுசெய்துவிடும் என்பது அன்றிலிருந்து அனைவரும் ஒப்புக்கொண்ட கணக்காகிவிட்டது. எனக்கு அந்தக் கணக்கில் ஐயம் உண்டு. அதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2011 வரை எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பயணிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கியதும் கட்டணமில்லாமல் விசா பெற்றார்கள். 2012 ஜனவரி 1 முதல், இணையத்தில் விண்ணப்பித்து விசா பெறும் இலத்திரனியல் பயண அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணமும் அதனோடு வந்தது. கட்டணம் பயணிகளைத் தடுக்கும் என்பது உண்மையானால் அந்த ஆண்டில் எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும். 2011இல் 855,975 ஆக இருந்த வருகை, 2012இல் முதல்முறையாகப் பத்து இலட்சத்தைத் தாண்டி 1,005,605 ஆனது. 2014இல் 1,527,153, 2016இல் 2,050,832, 2018இல் 2,333,796 என்று அது ஏறிக்கொண்டே போனது. போர் முடிந்த 2009இல் வந்தவர்கள் 447,890 பேர் மட்டுமே என்பதையும் நினைவிற்கொண்டால், இந்த ஏற்றத்தின் காரணத்தை விசாப் படிவத்தில் தேட வேண்டியதில்லை.

இறக்கங்களும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் அந்த ஆண்டு 1,913,702 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் 48 நாடுகளுக்குக் கட்டணமில்லா விசா வழங்கியும் ஆண்டு இறுதிக் கணக்கை மீட்க முடியவில்லை. பெருந்தொற்றில் 2020இல் 507,704, 2021இல் 194,495. எரிபொருள் வரிசைகளின் ஆண்டான 2022இல் 719,978. பிறகு 2023இல் 1,487,303, 2024இல் 2,053,465 என்று மீண்டது. 2018இன் உச்சத்தை 2025இல்தான் தாண்டினோம். இந்த வரைபடத்தில் விசாக் கட்டணத்தின் சுவடு எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி.

தென்கரை:

பனங்கூடல் ஐயா தந்திருக்கும் எண்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை விடுதித் தொழிலில் இருக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2012இல் கட்டணம் விதித்தபோது போட்டி நாடுகள் சிலவும் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. இன்று நிலைமை வேறு. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கும், மலேசியா அதே ஆண்டு டிசம்பரில் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் விசாவையே நீக்கிவிட்டன. வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டினருக்கும் 90 நாள் மின்விசா தருகிறது. கடற்கரையும் வெயிலும் தேடி ஆசியாவுக்கு வருகின்ற ஐரோப்பியக் குடும்பம் இந்த நாடுகளையும் நம்மையும் ஒரே பட்டியலில் வைத்துத்தான் பார்க்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நம்மிடம் கட்டணம் இல்லை என்றாலும், கட்டணம் உள்ளவரை, வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு வரும் பெற்றோர் தலைக்கு 50 டொலர் வீதம் 200 டொலரை விமானச் சீட்டு வாங்கிய பிறகு தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். தொகையைவிட, அது கண்ணில் படுகின்ற இடம் உறுத்துகிறது.

இழப்பு என்று சொல்லப்படும் தொகையையும் சற்றுப் பாருங்கள். 2024இல் சுற்றுலா வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர். வந்தவர்களின் எண்ணிக்கையால் அதை வகுத்தால் ஒருவர் சராசரியாக 1,540 டொலர் செலவிட்டுச் சென்றிருக்கிறார். 6 கோடி 60 இலட்சத்தை ஈடுசெய்ய மேலதிகமாக 43,000 பயணிகள் வந்தால் போதும். இருபது இலட்சத்துக்கு மேல் வருகின்ற நாட்டில் அது இரண்டு சதவீதம்தான்.

பனங்கூடல்:

வகுத்தல் சரி, வருமானம் யாருடையது என்பதுதான் சிக்கல். விசாக் கட்டணம் முழுவதும் திறைசேரிக்குப் போவது. பயணி செலவிடும் 1,540 டொலர் விடுதிக்கும் வாகன உரிமையாளருக்கும் உணவகத்துக்கும் இறக்குமதி செய்த மதுவுக்கும் பிரிந்துபோய், அதில் ஒரு பங்குதான் வரியாக அரசுக்குத் திரும்புகிறது. அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, உங்களுடைய 43,000 இரண்டு இலட்சத்துக்கு மேலாகிவிடும். அது கட்டணம் நீங்கியதால் மட்டுமே வந்த இரண்டு இலட்சமாகவும் இருக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு இது இலாபம் என்பதை நான் மறுக்கவில்லை. திறைசேரிக்கும் இலாபம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

கட்டண நீக்கம் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்ட ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாடுகளுக்கு 2023 ஒக்டோபர் 24 அன்று அமைச்சரவை கட்டணமில்லா விசாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 மார்ச் 31 வரை என்று சொல்லிப் பின்னர் நீடித்தார்கள். இந்த நாட்டினர் இணையத்தில் விண்ணப்பிக்கும் வேலை அப்படியே இருந்தது; பணம் மட்டும் கட்ட வேண்டியதில்லை.

விளைவைப் பாருங்கள். சீனாவிலிருந்து 2018இல் கட்டணம் கட்டி வந்தவர்கள் 265,965 பேர். 2024இல் கட்டணமில்லாமல் வந்தவர்கள் 131,681 பேர், அதாவது பாதிக்கும் குறைவு. இந்தியாவிலிருந்து 2018இல் 424,887, 2024இல் 416,974. ரஷ்யாவிலிருந்து மட்டும் 64,497 ஆக இருந்தது 201,920 ஆகப் பாய்ந்தது. ஆனால் 2022 பெப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய வான்வெளி ரஷ்ய விமானங்களுக்கு மூடப்பட்டதையும், ரஷ்யர்கள் வெயில் தேடிச் செல்ல எஞ்சியிருந்த சில நாடுகளில் இலங்கையும் ஒன்று என்பதையும் விட்டுவிட்டு அந்தப் பாய்ச்சலை விளக்க முடியுமா? 2023இலேயே, பெரும்பகுதி கட்டணத்தோடு, 197,498 ரஷ்யர்கள் வந்துவிட்டார்கள். ஒரே சலுகை ஒரே நாளில் கிடைத்த மூன்று நாடுகள் மூன்று திசைகளில் போயிருக்கின்றன என்றால், திசையைத் தீர்மானித்தது சலுகை அன்று.

நாகைக்கடல்:

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விசாவைப் பற்றிய பேச்சில் பயணத்தின் வழி மறைந்துபோகிறது. யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வந்தது. பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னை–யாழ்ப்பாணம் சேவையில் சேர்ந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கிய வேகத்திலேயே பருவமழையைக் காரணம் காட்டி நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் புறப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சேவையை உறுதியாக நம்பி யாரும் திட்டமிட முடிவதில்லை.

இந்தியர்களுக்கு 2023 இறுதியிலிருந்தே விசாக் கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க நினைக்கும் ஒரு குடும்பம், கப்பல் ஓடுமா என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறது. ஓடாவிட்டால் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும், அல்லது கொழும்பில் இறங்கி வடக்கு நோக்கி நாள் முழுவதும் பயணம் செய்ய வேண்டும். இந்திய வருகை 2025இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது என்றால், விமான இருக்கைகள் கூடியதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். எதிர்த்திசைக்கும் இது பொருந்தும். 2015 ஏப்ரல் 14 முதல் இலங்கையர்களுக்கு இந்தியா மின்னணு சுற்றுலா விசா வழங்கியது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியைக் கண்ணுக்கெட்டும் தூரம் என்று சொல்லிக்கொண்டாலும், அந்த விசாவை வைத்துக்கொண்டு கடலைக் கடக்க அன்று ஒரு கப்பலும் இருக்கவில்லை.

தென்கரை:

நாகைக்கடல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சீன எண்ணிக்கை குறைந்ததற்கும் அவர்களுடைய நாட்டிலேயே வெளிநாட்டுப் பயணம் பெருந்தொற்றுக்குப் பின் மெதுவாகத்தான் மீண்டது என்பது ஒரு காரணம். அதைக் கட்டண நீக்கத்தின் தோல்வி என்று பனங்கூடல் எழுதுவது நியாயமாகாது. கட்டணம் இருந்திருந்தால் 131,681 என்பது இன்னும் குறைந்திருக்குமா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு இந்த எண்களில் விடை இல்லை.

ஏடும் எழுத்தாணியும்:

நீங்கள் எல்லோரும் கட்டணத்தையே சுற்றி வருகிறீர்கள். 2024இல் நடந்ததை வைத்துப் பார்த்தால், கட்டணத்தின் அளவைவிட நடைமுறையின் நிலையாமைதான் பெரிய சேதம் என்பது என் கருத்து. விசாப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததற்கு எதிரான வழக்கைப் பின்தொடர்ந்தவன் என்ற முறையில் வரிசையாக எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 17 வரை இலத்திரனியல் பயண அனுமதி முறை, மொபிட்டெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தால் நடத்தப்பட்டது. அன்று முதல் அந்தப் பணி ஜீ.பி.எஸ், ஐ.வி.எஸ், வீ.எப்.எஸ் குளோபல் ஆகிய தனியார் நிறுவனங்கள் அடங்கிய கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை 50 டொலராக இருந்த விசாக் கட்டணம் உயர்ந்ததோடு, விண்ணப்பத்துக்கு 18.50 டொலர் சேவைக் கட்டணமும் மேலும் ஒரு வசதிக் கட்டணமும் சேர்ந்து, மொத்தம் பலருக்கு 100 டொலரைத் தாண்டியது. மே மாத முதல் நாளில் கட்டுநாயக்க விசாக் கருமபீடத்தில் ஒருவர் எழுப்பிய எதிர்ப்பு காணொளியாகப் பரவியதும், சில நாட்களில் அமைச்சரவை 30 நாள் விசாவின் கட்டணத்தை மறுபடியும் 50 டொலராக்கியது. ஆனால் ஒப்பந்தம் தொடர்ந்தது.

ஒப்பந்தம் போட்டி விலைமனு இல்லாமல் வழங்கப்பட்டது என்பதும், பயணிகளின் தனிப்பட்ட தரவுகள் வெளியார் கைக்குப் போகின்றன என்பதும் முதன்மையான குற்றச்சாட்டுகள். நாடாளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவும் இதை ஆராய்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் தாக்கல் செய்த மனுக்களில், ஒப்பந்தத்தை இடைநிறுத்தி, ஏப்ரல் 17க்கு முன்பிருந்த முறைக்குத் திரும்புமாறு நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. திணைக்களம் பழைய முறையை மீட்கவில்லை. இணையவழி விண்ணப்பம் இல்லாமல், வந்திறங்கியவர்கள் அனைவரும் விமான நிலையத்தில் வரிசையில் நின்று விசா வாங்கும் நிலை ஏற்பட்டது. நீதிமன்ற அவமதிப்புக்காகத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டம்பர் 25 அன்று விளக்கமறியலில் வைக்கப்பட்ட பிறகே, ஓரிரு நாட்களில் பழைய இணையதளம் உயிர்பெற்றது. ஏறத்தாழ எட்டு வாரங்களாகச் செய்ய முடியாது என்று சொல்லப்பட்ட வேலை அது.

இந்தக் காலத்தின் எண்களை எடுத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் 136,405, 2024 ஆகஸ்ட்டில் 164,609. வளர்ச்சி இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். 2023 செப்டம்பரில் 111,938, 2024 செப்டம்பரில் 122,140. வளர்ச்சி ஒன்பது சதவீதம். தேர்தல் நடந்த மாதம் என்பதால் முழுப் பழியையும் விசா வரிசையின் மேல் போட மாட்டேன். ஆனால் ஆகஸ்ட்டில் வந்தவர்கள் பெரும்பாலும் முன்பே பயணத்தை முடிவு செய்தவர்கள். குழப்பத்தைக் கேள்விப்பட்டு மனம் மாறக்கூடியவர்கள் அடுத்த மாதங்களில் வரவேண்டியவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பனங்கூடல்:

இது எனக்கு ஏற்புடையது. என் முதற்பதிவின் நீட்சியாகவே இதைப் படிக்கிறேன். 2012இல் கட்டணத்தோடு வந்த முறை பயணிகளை விரட்டாததற்கு ஒரு காரணம், அது பன்னிரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருந்தது: ஒரே இணையதளம், 30 நாள் தங்கல், இரண்டு முறை நுழைய அனுமதி, வேண்டுமானால் குடிவரவுத் திணைக்களத்தில் நீடிப்பு. பயண முகவர்களும் விமான நிறுவனங்களும் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஐம்பது டொலர் என்று தெரிந்தால் ஐம்பது டொலரோடு வருவார்கள். எவ்வளவு என்றே தெரியாதபோதுதான் வேறு நாட்டைப் பார்க்கிறார்கள்.

ரொறன்ரோவாசி:

இலங்கைக்கு வருகின்ற 'சுற்றுலாப் பயணி' யார் என்பதை யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனேடியக் கடவுச்சீட்டோடு அம்மாவைப் பார்க்க வருகின்றவரும், நல்லூர்த் திருவிழாவுக்காக லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகின்றவரும், இரட்டைக் குடியுரிமை எடுத்திராவிட்டால், இதே பயண அனுமதியைப் பெற்று இதே புள்ளிவிவரத்துக்குள்தான் போகிறார்கள். ஐக்கிய இராச்சியம், கனடா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பட்டியலிடப்படும் வருகைகளுக்குள் நம்மவர்களின் ஒரு பெரும் பங்கு இருக்கிறது. இவர்கள் 50 டொலருக்காகப் பாங்கொக்கைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அதே வேளை இவர்கள் தங்குவது விடுதியில் அன்று. பெரும்பாலும் உறவினர் வீட்டில். எனவே தென்கரை தந்த சராசரிச் செலவும் இவர்களுக்குப் பொருந்தாது, கட்டண நீக்கத்தால் வருகை கூடும் என்ற கணக்கும் இவர்களுக்குப் பொருந்தாது. கட்டணத்தை நீக்கினால் எங்கள் சட்டைப்பையில் ஐம்பது டொலர் மிஞ்சும். மகிழ்ச்சிதான், ஆனால் அதைக் கொள்கை வெற்றி என்று எழுத முடியாது.

எங்களைத் தடுப்பது வேறு. 2014 ஒக்டோபரில், செல்லுபடியாகும் விசா வைத்திருந்த வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களும் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி பெற வேண்டும் என்று அறிவித்து, வடக்குக்குப் போகும் வழியிலுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆட்சி மாறிய 2015 ஜனவரியில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அந்த மூன்று மாதங்களிலும் இலத்திரனியல் அனுமதி தடையில்லாமல் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. கட்டுநாயக்கவில் வரவேற்கப்பட்டவர் ஓமந்தையில் நின்றார். நாட்டுக்குள் நுழையும் அனுமதியை எவ்வளவு எளிதாக்கினாலும், நுழைந்தவர் எங்கே போகலாம் என்பது மாறிக்கொண்டிருந்தால், என் போன்றவர்கள் அடுத்த கோடைக்குச் சீட்டு வாங்குமுன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

தென்கரை:

ரொறன்ரோவாசி எழுதியது நான் நினைத்துப் பார்க்காத கோணம். ஆனால் அதிலிருந்து எனக்கு வேறொரு முடிவு கிடைக்கிறது. உறவினரைப் பார்க்க வருகின்றவருக்கும் அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருகின்றவருக்கும் ஒரே 30 நாள் அனுமதி, ஒரே கட்டணம் என்பதே பொருத்தமில்லாதது. முன்னவருக்கு நீண்ட காலம் செல்லுபடியாகும், பலமுறை நுழையக்கூடிய விசா பயன்படும். அதற்கு அவர் 50 டொலரைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டார். பின்னவருக்குக் கட்டணத்தை நீக்குங்கள். இந்தியா மின்விசாவை 30 நாள், ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு என்று பிரித்து வைத்திருக்கிறது. நமது 40 நாடுகள் திட்டமோ நாட்டைப் பார்த்துப் பிரிக்கிறதே தவிர, பயணத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை.

நாகைக்கடல்:

ஐந்தாண்டு மின்விசாவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2020 மார்ச்சில் இந்தியா, ஏற்கெனவே பணம் கட்டிப் பெற்றிருந்த ஐந்தாண்டு விசாக்களையும் சேர்த்தே இடைநிறுத்தியது. அவை 2022 மார்ச்சில்தான் மீண்டும் செல்லுபடியாயின. பெருந்தொற்றுக் காலம் என்பதால் குறை சொல்லவில்லை. நீண்ட கால விசாவை விற்கும் அரசு, இடைநிறுத்தினால் அந்தக் காலத்தை ஈடுசெய்யுமா, கட்டணத்தைத் திருப்பித் தருமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏடும் எழுத்தாணியும்:

அது சரியான இடம். இலங்கையில் விசா வகைகளும் கட்டணங்களும் வர்த்தமானி அறிவித்தல் வழியாகவே மாறுகின்றன. மாற்றத்துக்கும் அது நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்ப்பதற்குத் திறைசேரியிலிருந்து ஒரு ரூபாயும் செலவாகாது. விமானச் சீட்டும் விடுதியும் அந்த அளவு முன்கூட்டியே பதிவு செய்யப்படுகின்றன. கூடவே, தேடுபொறியில் அதிகாரபூர்வத் தளத்துக்கு முன்னால் வந்து நின்று இரட்டைக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்களைப் பற்றிய எச்சரிக்கையைத் தூதரகங்களும் விமான நிறுவனங்களும் தங்கள் பக்கங்களில் இட வேண்டும். 2024இல் இணையதளம் இரண்டு முறை மாறியதால், எது அரசின் தளம் என்பதே பலருக்குக் குழம்பிவிட்டது. விண்ணப்பிக்கின்றவர்கள், முகவரி இலங்கை அரசுக்குரிய முடிவைக் கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கடன் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும்.

பனங்கூடல்:

ஆறு மாத முன்னறிவிப்பு என்பதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்; 40 நாடுகளின் கட்டண நீக்கத்துக்கும் அது பொருந்த வேண்டும், நீக்கத்தைத் திரும்பப் பெறும் நாள் வந்தால் அதற்கும் பொருந்த வேண்டும். தென்கரை சொன்ன பயண வகைப் பிரிவுக்கு ஒரு தரவு தேவைப்படுகிறது. கட்டணம் நீங்கிய நாட்டிலிருந்து வருகின்றவர்களில் முதல்முறை வருகின்றவர் எத்தனை பேர், உறவினர் வீட்டில் தங்குகின்றவர் எத்தனை பேர் என்பதைப் பயண அனுமதி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடலாம். தங்குமிட முகவரியை இப்போதே கேட்கிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் அந்த இரண்டு நிரல்களும் சேர்ந்தால், அடுத்த ஆண்டு இதே இழையில் நாம் ஊகிக்க வேண்டியிருக்காது.